கண்டிப்பான பேராசிரியரும் மாணவர் தீர்ப்பும்

2022 ஆகஸ்டில், புதிய பருவம் தொடங்கச் சற்று முன்பு, நியூயார்க் பல்கலைக்கழகம் தன் கரிம வேதியியல் பேராசிரியர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கியது. மெய்ட்லண்ட் ஜோன்ஸ் என்ற அவருக்கு அப்போது வயது 84. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றபின், நியூயார்க்கில் ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் பாடம் நடத்திவந்தார். ஐந்து பதிப்பு கண்ட, 1,300 பக்கப் பாடநூலின் ஆசிரியர். மனப்பாடத்தைக் குறைத்து, கணக்குப் போடுவதுபோல் சிக்கல்களை அவிழ்க்கவைத்துக் கரிம வேதியியலைக் கற்பிக்கும் முறைக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர் என்ற பெயரும் உண்டு. அந்த ஆண்டின் வசந்தப் பருவத்தில் அவரிடம் படித்த 350 பேரில் 82 பேர், பாடம் தேவைக்கு மீறிக் கடினமாக இருக்கிறது என்று மனுக் கொடுத்திருந்தார்கள்.

அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் இதைச் செய்தியாக்கியதும் அமெரிக்கா இரண்டு கட்சியாகப் பிரிந்தது. செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன தலைமுறை என்று ஒரு சாரார். காலத்துக்கு ஒவ்வாத பழைய வாத்தியார் என்று இன்னொரு சாரார். இரு தரப்பும் புதிதாக எதையும் சொல்லவில்லை. பாடம் படிக்கிறவர்கள் பாடம் நடத்துகிறவரை எடைபோட முடியுமா, அதிலும் மார்க்கில் கஞ்சத்தனம் காட்டுகிறவரை நியாயமாக எடைபோட முடியுமா என்ற கேள்வி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக ஆராயப்பட்டுவருவது. கிடைத்த விடைகளோ ஒன்றுக்கொன்று முரண்பட்டவை.

மனுவில் இருந்தது

சண்டையின் சத்தத்தில் மனுவின் உள்ளடக்கம் மறைந்துபோனது. ஜோன்ஸை நீக்குங்கள் என்று அதில் எவரும் கேட்கவில்லை. நீக்கப்பட்ட செய்தி கையெழுத்திட்டவர்களில் சிலருக்கே வியப்பாக இருந்தது. இடைத்தேர்வுகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டதால் ஒன்றில் சறுக்கினால் மீள வழியில்லை. கூடுதல் மதிப்பெண்ணுக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. கோவிட் பாதித்தவர்கள்கூட ஜூம் வழியாக வகுப்பைப் பார்க்க முடியவில்லை. பேராசிரியரின் தொனி இளக்காரமாக இருக்கிறது. போடும் உழைப்புக்கு ஏற்ற மதிப்பெண் வருவதில்லை. முறையீடுகள் இவ்வளவுதான்.

ஜோன்ஸிடமும் பதில் இருந்தது. மாணவர்களின் கவனம் சுமார் பத்தாண்டுகளாகவே சரிந்துவருகிறது, பெருந்தொற்றுக்குப் பிறகு அந்தச் சரிவு செங்குத்தாகிவிட்டது, ஒற்றை இலக்க மதிப்பெண்களும் பூஜ்யங்களும் வருகின்றன, வினாவையே சரியாகப் படிப்பதில்லை என்றார். விரிவுரைகளைப் படம்பிடித்து வைக்கத் தன் கைப்பணத்தைச் செலவழித்திருந்தார். அதையும் பலர் பார்க்கவில்லை என்பது அவர் குறை. பல்கலைக்கழகத் தரப்போ அவருடைய மாணவர் மதிப்பீடுகள் மிக மோசம் என்றது. பாதியில் விலகியவர்கள் அதிகம், அலட்சியமாகப் பேசுவதாகவும் மதிப்பெண் வழங்கும் முறை விளங்கவில்லை என்றும் புகார்கள் உண்டு என்றது. மாணவர்களோடு சேர்த்து, கட்டணம் செலுத்துகிறவர்களையும் சமாதானப்படுத்த வேண்டும் என்ற தொனியில் துறைக்குள் ஒரு மின்னஞ்சல் போயிருந்தது வெளியே தெரிந்தபோது, சக பேராசிரியர்கள் கொதித்துப்போனார்கள். இருபது பேர் அளவில் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள்.

இந்த மனுவில் இரண்டு வகைச் செய்திகள் கலந்துகிடக்கின்றன. ஜூம் இல்லை, தேர்வுகள் இரண்டுதான், தொனி சரியில்லை என்பவற்றுக்கு மாணவரே நேர்ச்சாட்சி. பாடம் தேவைக்கு மீறிக் கடினம் என்பது அப்படியல்ல. எதற்குத் தேவை, எவ்வளவு தேவை என்பது பாடத்தைக் கடந்துபோன பிறகே தெரியவரும். ஆராய்ச்சிகளின் முரண்பாடு பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியதால் வந்தது என்றே தோன்றுகிறது.

அம்புக்குறி எங்கே தொடங்குகிறது?

கரிம வேதியியல் ஏன் இப்படிப் பேரெடுத்தது என்பதற்கு ஒரு சிறு சான்று போதும். பிளஸ் டூவில் வேதியியல் எடுத்தவர்களுக்கு வில்லியம்சன் ஈதர் தொகுப்பு நினைவிருக்கலாம்: ஆல்கைல் ஹாலைடையும் சோடியம் ஆல்காக்சைடையும் சேர்த்தால் ஈதர். இதை மனப்பாடம் செய்தவரிடம் மூன்றாம்நிலை ப்யூட்டைல் புரோமைடையும் சோடியம் எத்தாக்சைடையும் கொடுத்து விளைபொருள் என்ன என்று கேட்டால் ஈதரின் வாய்பாட்டை எழுதிவைப்பார். ஆனால் முதன்மையாகக் கிடைப்பது ஈதர் அல்ல, 2-மெத்தில்புரோப்பீன். புரோமினைத் தாங்கிநிற்கும் கார்பனை மூன்று மெத்தில் தொகுதிகள் அடைத்துக்கொண்டிருப்பதால் எத்தாக்சைடால் அதை நெருங்க முடியாது. பக்கத்து மெத்திலிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும், அந்தப் பிணைப்பின் எலக்ட்ரான்கள் இரட்டைப் பிணைப்பாக மாறும், புரோமைடு வெளியேறும். மூன்று வளைந்த அம்புகளில் இதை வரைந்துவிடலாம். அம்பின் வால் எலக்ட்ரான் இருக்கும் இடத்தில், தலை அது போகும் இடத்தில்.

கெர்மாக், ராபின்சன் இருவரும் 1922-இல் கையாளத் தொடங்கிய இந்த அம்புக்குறிதான் இன்றும் இப்பாடத்தின் எழுத்து, இலக்கணம் எல்லாம். அதை அர்த்தத்தோடு வரைகிறார்களா என்பது வேறு கதை. பட்டாச்சாரியா, போட்னர் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், முதுநிலை மாணவர்கள்கூட விளைபொருளை வந்தடைவதற்காகவே அம்புகளை வரைகிறார்கள், அவை குறிக்கும் எலக்ட்ரான் நகர்வை நினைத்து வரைவதில்லை என்று கண்டார்கள். மனப்பாடத்தால் இங்கே பாதித் தூரம் வரலாம். அதற்குமேல் அதுவே தடை. பள்ளியில் மனப்பாடத்தாலேயே முதல் வரிசைக்கு வந்தவர் இந்தப் பாடத்தில்தான் முதன்முறையாக அடிவாங்குகிறார். உழைப்புக்கேற்ற மதிப்பெண் இல்லை என்ற முறையீட்டை இந்தக் கோணத்திலும் படிக்கலாம். உழைப்பு உண்மை, அது போன திசை தவறாக இருக்கலாம். அந்தத் திசையைத் திருப்பிவிடுவது ஆசிரியரின் வேலை இல்லையா என்று மாணவர் கேட்டால் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

படிவம் பிறந்த கதை

மாணவர் மதிப்பீட்டுப் படிவம் 1920-களில் அமெரிக்காவில் உருவானது. பர்டூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ் உருவாக்கிய அளவுகோல் அவற்றில் புகழ்பெற்றது. தன் வகுப்பு மாணவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று ஆசிரியர் அறிந்துகொள்வதற்கான கருவியாகவே அது அறிமுகமானது. 1960-களின் கிளர்ச்சிக் காலத்துக்குப் பிறகுதான் படிவம் பரவலாகி, பதவி உயர்வுக் கோப்புகளுக்குள் மெல்ல நுழைந்தது. கருவி ஒன்று, வேலை இரண்டு என்ற இன்றைய சிக்கல் அங்கே தொடங்குகிறது.

கோப்புக்குள் நுழைந்ததும் அதன் நம்பகத்தன்மை பற்றிய சண்டையும் வந்தது. 1972-இல் சயன்ஸ் இதழில் ரோடின் இணையர், மாணவர் அதிகம் கற்ற பிரிவுகளின் ஆசிரியர்களுக்கே குறைந்த மதிப்பீடு கிடைத்தது என்று காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தது முதன்மைப் பேராசிரியர்களை அல்ல, துணைவகுப்பு எடுத்த உதவியாளர்களை. எனவே முடிவு எவ்வளவு தூரம் செல்லும் என்ற ஐயம் உடனே எழுந்தது. அடுத்த ஆண்டு இன்னும் வேடிக்கையான ஆய்வொன்று வெளியானது. டாக்டர் மைரான் ஃபாக்ஸ் என்ற பெயரில் ஒரு நடிகரைக் கொண்டுவந்து, உள்ளீடே இல்லாத விரிவுரையைக் கவர்ச்சியாக நிகழ்த்தவைத்தார்கள். கேட்டவர்கள் மனநல மருத்துவர்கள் முதலிய படித்தவர்கள். நல்ல மதிப்பீடு வழங்கினார்கள். படிவத்தின் எதிரிகள் ஐம்பது ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்பவருக்குப் பாடத்தைக் கற்றாக வேண்டிய அவசியம் இருந்தால் இந்த மயக்கம் பெரிதும் குறைகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியதை அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் 1981-இல் வந்தது. ஒரே பாடம், ஒரே தேர்வு, ஆனால் பல பிரிவுகள், பல ஆசிரியர்கள் என்ற அமைப்பில் நடந்த 41 ஆய்வுகளைப் பீட்டர் கோஹென் தொகுத்துப் பார்த்தார். ஆசிரியரின் மதிப்பீட்டுக்கும் மாணவரின் தேர்ச்சிக்கும் இடையே 0.43 அளவுக்கு ஒட்டுறவு கிடைத்தது. மிகப் பெரியதல்ல, ஆனால் அலட்சியப்படுத்தவும் முடியாத அளவு. படிவத்தை ஆதரித்தவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதன்மேல் நின்றார்கள். 2017-இல் உட்டலும் சக ஆய்வாளர்களும் அந்தத் தரவுகளை மறுபடி எடுத்து, புதியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். சிறு எண்ணிக்கை கொண்ட ஆய்வுகள்தான் அந்த ஒட்டுறவை ஊதிப்பெருக்கியிருந்தன. அதைச் சரிசெய்தால் எஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பது அவர்கள் முடிவு. ஒட்டுறவு இல்லை என்று நிறுவுவதும் எதிரான உறவு இருக்கிறது என்று நிறுவுவதும் ஒன்றல்ல. ஜோன்ஸ் ஆதரவாளர்கள் பலர் இந்த வேறுபாட்டைத் தாண்டிக் குதித்தார்கள்.

தாராள மார்க்கின் வாதம்

மார்க்கை அள்ளி வழங்கினால் நல்ல பெயர் வரும் என்பது ஆசிரியர் ஓய்வறைகளில் காலங்காலமாகப் புழங்கும் நம்பிக்கை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரீன்வால்டும் கில்மோரும் 1997-இல் இதற்கு ஆய்வு ஆதாரம் தேடி, தாராளம் மதிப்பீட்டை உயர்த்தும் என்றும், அந்தக் கலப்படத்தைக் கணக்கிட்டு நீக்கலாம் என்றும் வாதிட்டார்கள். ஹெர்பர்ட் மார்ஷ் மறுத்தார். அவருடைய தரவுகளில் வேலைப்பளு அதிகமான பாடங்களுக்குச் சற்றே நல்ல மதிப்பீடுதான் வந்தது. மாணவர் வெறுப்பது பளுவை அல்ல, பயன் தெரியாத பளுவை என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

தரம் சரிகிறது என்ற புகாரைத் தள்ளிவிடவும் முடியாது. 1961-இல் வாரத்துக்கு 24 மணி நேரம் தனியே படித்த அமெரிக்கக் கல்லூரி மாணவர் 2003-இல் 14 மணி நேரம்தான் படித்தார் என்று பாப்காக், மார்க்ஸ் இருவரும் கணக்குக் காட்டினார்கள். ரோஜ்ஸ்டாசர், ஹீலி தொகுத்த தரவுகளின்படி அங்கே வழங்கப்பட்ட தரநிலைகளில் 43 விழுக்காடு ‘ஏ’. மற்ற வகுப்புகளிலெல்லாம் ‘ஏ’ வாங்கிப் பழகியவருக்கு ஒரே ஒரு வகுப்பில் ‘சி’ வந்தால் அந்த ஆசிரியர் கொடுமைக்காரராகத் தெரிவது இயல்பு. ஒப்பீட்டில்தான் கண்டிப்பு கண்டிப்பாகிறது. ஆனால் படிப்பு நேரம் குறைந்ததற்கு மதிப்பீட்டுப் படிவமே காரணம் என்று இந்தத் தரவுகள் நிறுவவில்லை. பகுதிநேர வேலை, கட்டண உயர்வு, சேருவோரின் பின்புலம் எல்லாம் இதே காலத்தில் மாறின.

அடுத்த பருவம் சொல்லும் சாட்சி

இந்த விவாதத்தைத் திசைதிருப்பிய ஆய்வு என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அது கரெல், வெஸ்ட் இருவரும் 2010-இல் வெளியிட்டதுதான். அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் மாணவர்கள் பிரிவுகளுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகிறார்கள். பாடத்திட்டம் ஒன்று, தேர்வு ஒன்று. அடுத்தடுத்த பாடங்களும் கட்டாயம். எனவே ஓர் ஆசிரியரிடம் நுண்கணிதம் படித்தவர்கள் அடுத்த கணிதப் பாடத்தில் என்ன ஆனார்கள் என்று சுத்தமாகப் பார்க்க முடிந்தது. அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பருவத்தில் நன்றாகச் செய்தார்கள். அவர்களுக்கு நல்ல மதிப்பீடும் வழங்கினார்கள். அனுபவம் மிக்கவர்களிடம் படித்தவர்கள் அப்போது பின்தங்கினாலும் அடுத்த பாடத்தில் முந்தினார்கள். இத்தாலியின் போக்கோனி பல்கலைக்கழகத் தரவுகளை வைத்து பிராகாவும் சக ஆய்வாளர்களும் 2014-இல் கண்டதும் இதையொட்டியதே: பின்னாளில் பலன் தந்த ஆசிரியர்களுக்கு அன்று மதிப்பீடு குறைவு. திறமையான மாணவர் நிறைந்த வகுப்புகளில் இந்த முரண் தணிந்தது. மதிப்பீடு நிரப்பிய நாளின் வானிலைக்கும் அதில் பங்கிருந்தது என்று அவர்கள் சொன்னதைப் பத்திரிகைகள் விரும்பி எடுத்துப்போட்டன.

கண்டிப்பின் ஆதரவாளர்களுக்கு இது பெரிய ஆயுதம். ஆனால் ஒன்று இராணுவக் கல்லூரி, மற்றது வணிகப் படிப்புக்குப் பேர்போன இடம்; இரண்டிலும் கரிம வேதியியல் சோதிக்கப்படவில்லை. மேலும், அனுபவம் மிக்கவர் ஆழமாகக் கற்பித்தார் என்பதைத்தான் இவை சொல்கின்றன, மிரட்டிக் கற்பித்தார் என்பதை அல்ல. ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் டெலோரியேவும் குழுவினரும் நடத்திய 2019 சோதனை இந்த வேறுபாட்டைக் கூர்மையாக்குகிறது. ஒரே பாடத்தை ஒரு பிரிவு சரளமான விரிவுரையாகக் கேட்டது. இன்னொரு பிரிவு குழுவாக உட்கார்ந்து சிக்கல்களைத் தீர்த்தது. இரண்டாம் பிரிவு அதிகம் கற்றது. ஆனால் தான் குறைவாகக் கற்றதாகவே நினைத்தது. தடுமாற்றத்தைக் கல்லாமை என்று மாணவர் தவறாக வாசிக்கிறார். இங்கே கற்றலைக் கூட்டியது கடுமையான குணமோ கறாரான மதிப்பெண்ணோ அல்ல, மாணவரை வேலைவாங்கிய வகுப்பு முறை என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். அறிவியல் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்த ஃப்ரீமன் குழு 2014-இல் இதே திசையில் எண்களைக் காட்டியது: மரபான விரிவுரையில் தோல்வி 33.8 விழுக்காடு, மாணவர் செயல்படும் வகுப்பில் 21.8.

வடிகட்டிக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு நான்காண்டுப் பட்டத்துக்குப் பிறகே. 1910-இல் ஃபிளெக்ஸ்னர் அறிக்கை மருத்துவக் கல்விக்கு முன் வேதியியல் அடித்தளம் வேண்டும் என்று வற்புறுத்தியதிலிருந்து, இரண்டாமாண்டுக் கரிம வேதியியல் மருத்துவக் கனவின் வாசற்படியாகிவிட்டது. தமிழ்நாட்டில் அந்த வேலையை நீட் செய்கிறது. அதற்கு முகம் இல்லை. அங்கே வாசற்படிக்கு ஒரு பேராசிரியரின் முகம் இருக்கிறது. ஜோன்ஸ் வகுப்பில் பெரும்பாலோர் மருத்துவம் நோக்கிப் போகிறவர்கள். அவர்களுடைய கருத்தில் எவ்வளவு ஆசிரியர் மீதானது, எவ்வளவு வாசற்படி மீதானது என்று பிரித்தெடுக்கும் படிவம் எதுவும் இல்லை.

சேமூர், ஹெவிட் இருவரும் 335 மாணவர்களைச் சந்தித்து எழுதி 1997-இல் வெளிவந்த நூல், அறிவியல் துறைகளைவிட்டு விலகியவர்கள் தங்கியவர்களைவிடத் திறமையில் குறைந்தவர்கள் அல்லர் என்றது. கற்பித்தல் மோசம் என்ற புகார் விலகியவர்களிடம் மட்டுமல்ல, தங்கியவர்களில் பெரும்பகுதியினரிடமும் இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் பாரும் சக ஆய்வாளர்களும் 2008-இல் பார்த்தபோது, மருத்துவ ஆர்வத்தை இழந்தவர்களில் பெண்களும் சிறுபான்மையினரும் கூடுதலாக இருந்தார்கள். முதல் காரணமாக அவர்கள் காட்டியது வேதியியல் பாடங்களை. வடிகட்டி திறமையை மட்டும் பார்த்து வடிகட்டுகிறது என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டுக்கும் இதுவரை திருப்தியான பதில் தரவில்லை. மறுபுறம், படியைத் தாழ்த்தினால் சேதம் நோயாளிக்கு என்ற பிரபலமான வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அம்புக்குறி வரையத் தெரியாதவர் மோசமான மருத்துவர் ஆவார் என்பதற்கு அது காட்டும் ஆதாரம் மெலிந்தது.

இன்னொரு விரிசலும் உண்டு. மெக்நெல்லும் குழுவினரும் 2015-இல் இணையவழி வகுப்பொன்றில் துணை ஆசிரியர்களின் பெயர்களை மாற்றிவைத்தபோது, ஆண் என்று நம்பப்பட்டவருக்குக் கூடுதல் மதிப்பீடு விழுந்தது. சிறிய ஆய்வு, ஆனால் பிரான்ஸில் அன் போரிங்கின் பெரிய தரவுகளும் அதே பக்கம் சாய்கின்றன. அப்படியானால் ஓர் ஆணிடம் கண்டிப்பு என்று மதிக்கப்படுவது ஒரு பெண்ணிடம் சிடுசிடுப்பாகத் தெரியக்கூடும்.

தீராமல் நிற்பவை

2018-இல் கனடாவின் ரையர்சன் பல்கலைக்கழகத் தகராறில் நடுவர் வில்லியம் கப்லான் அளித்த தீர்ப்பு இதுவரை வந்தவற்றில் தெளிவானது. மாணவர் அனுபவத்தை அறிய இந்தப் படிவங்கள் பயன்படும். கற்பித்தல் திறனை அளந்து பதவி உயர்வைத் தீர்மானிக்கப் பயன்படா. மனுவின் இரண்டு வகைச் செய்திகளையும் பிரிக்க இது உதவும். தொனி, தெளிவு, வாய்ப்பு ஆகியவற்றில் மாணவர் சொல்லை ஏற்று உடனே திருத்தலாம். கடினத்தின் அளவைப் பற்றிய தீர்ப்பை அவரிடமே விடவும் கூடாது, ஆசிரியரிடமே விடவும் கூடாது. யாரிடம் விடுவது என்பதில்தான் ஒருமிப்பு இல்லை. சக ஆசிரியர்களின் பார்வை நட்பிலும் பகையிலும் சிக்கும். பழைய மாணவரிடம் கேட்டால் தாக்குப்பிடித்தவரே பதில் எழுதுவார்.

கற்பிப்பவரையும் தேர்வு வைப்பவரையும் பிரித்துவிடலாம் என்றும் ஒரு யோசனை உண்டு. தமிழ்நாட்டின் இணைப்புக் கல்லூரிகளில் பருவத் தேர்வின் வினாத்தாளைப் பல்கலைக்கழகம் அனுப்புகிறது; வகுப்பெடுத்தவர் கையில் இன்டர்னல் மார்க்கும் ஆய்வகமும்தான். அரியர் விழுந்தால் பழி முன்பின் தெரியாத வினாத்தாள்காரர் மேல் போகிறது. ஆசிரியர் தப்பிக்கிறார். அதற்கு விலையாக, முந்தைய ஐந்தாண்டு வினாக்களைத் தாண்டிப் பாடம் நடத்த அவருக்கும் காரணம் இல்லாமல் போகிறது. ஜோன்ஸ் ஒழிக்க நினைத்த மனப்பாடத்துக்கு இது தோதான ஏற்பாடு.

நியூயார்க் வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று அளக்க, கரெல்–வெஸ்ட் வழியில் ஒரு சோதனையைக் கற்பனை செய்யலாம்: ஜோன்ஸிடம் தேறியவர்கள் உயிர்வேதியியலில் மற்றப் பிரிவினரைவிட நன்றாகச் செய்தார்களா? ஆனால் அங்கே மாணவர்கள் குலுக்கலில் ஒதுக்கப்படுவதில்லை. அவரவரே பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதியில் விலகியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். மதிப்பெண்களை மறுபரிசீலனை செய்யவும், முடிந்த பாடத்திலிருந்து பின்தேதியிட்டு விலகவும் பல்கலைக்கழகம் வழி திறந்துவிட்டதால், ஒப்பிடுவதற்கான அடிக்கோடும் அழிந்தது.